சும்மா என்ற நிரல்

வேலைத்தளத்தில் நிற்கும் ஒருவரிடம் “என்ன செய்யிறீங்கள்?” என்று நீங்கள் கேட்டு, “சும்மா நிக்கிறன் சேர்” என்று அவர் பதில் சொன்னால், அதை எழுதுவதற்கு முன் பேனையை ஒருமுறை மூடிவிடுங்கள். மேற்பார்வை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

திருகோணமலையைச் சுற்றியுள்ள கட்டட வேலைகளை முப்பத்தொரு வருடம் மேற்பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். ஒரு நாள் தவறாமல் டயறி எழுதினேன். மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், சீமெந்து இறங்கிய நேரம், யார் வரவில்லை, ஏன் வரவில்லை, நான் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நின்றேன், எல்லாம் அதில் இருக்கும். எனக்கு ‘டயறி சேர்’ என்றொரு பெயர் இருந்தது. என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

நான் சொல்லப்போவது ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது நடந்தது. உள்துறைமுகக் கரையில் மீன் இறங்குதுறை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தோம். அதே வளவில் ஐஸ் அறைக்கும் வலைகள் வைப்பதற்குமாக இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றும் எழும்பிக்கொண்டிருந்தது. இறங்குதுறை ஒரு அந்தம், கட்டடம் மற்ற அந்தம், நடுவில் களஞ்சியக் கொட்டில். இடையில் நிற்காமல் நடந்தால் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்கு ஆறு நிமிடம்.

வேலை பிந்திக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை திட்டப் பொறியியலாளர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், யாழ்ப்பாணத்துப் பெண். பேச்சில் ஒரு சொல்லும் கூடாது, குறையாது.

“கொழும்பில இருந்து சொல்லிப்போட்டினம்,” என்றார். “ஆக்கள் கூடவாம், வேலை காணாதாம். அஞ்சு பேரைக் குறைக்கட்டாம்.”

“ஆரை மெடம்?”

“அதைத்தான் உங்களிட்டக் கேக்கிறன். முகத்தைப் பாத்து ஆளைத் தெரிவு செய்ய எனக்கு விருப்பமில்லை. ரெண்டு கிழமை எண்ணிப் பாருங்கோ. ரெண்டாம் கிழமை முடிவில, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, எண்ணினதையும் பேரையும் எழுத்தில தாங்கோ.”

எண்ணுவது எனக்குப் பிடித்த வேலை. அவர் தந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு நாளில் நான்கு தடவை வேலைத்தளத்தைச் சுற்றிவர வேண்டும். ஒருவரைக் காணும் அந்தக் கணத்தில் அவர் என்ன செய்கிறாரோ, அதற்குரிய நிரலில் ஒரு கோடு போட வேண்டும். முதல் நிரல் வேலை. இரண்டாவது, அளத்தல், தூக்கிக் கொண்டுபோதல் போன்ற ஆயத்தங்கள். மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் இருத்தல். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று படிவத்தைத் தமிழில் எழுதினேன். மூன்றாவது நிரலுக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. ‘செயலற்ற நிலை’ என்று எழுதிப் பார்த்தேன். வைத்தியசாலைக் குறிப்பு மாதிரி இருந்தது. அடித்துவிட்டு ‘சும்மா’ என்று எழுதினேன். அழகாக, குறுகலாக, நிரலுக்குள் அடங்கியது. அன்றைய டயறியில் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்ததைப் பற்றி ஒரு வரி பெருமையாகவே எழுதியிருக்கிறேன்.

முதல் வாரம் வேடிக்கையாகப் போனது. காலையில் வந்ததும் வழக்கம்போல் கட்டடத்தில் தொடங்கி, கொட்டிலைத் தாண்டி, இறங்குதுறையில் முடிப்பேன். இரண்டாம் நாளே வழி எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. நான் வருவதற்கு முன்னால் விசில் ஒன்று வரும். பிறகு பார்த்தால் எல்லோரும் குனிந்திருப்பார்கள். ஏற்கெனவே பூசி முடித்த சுவரை ஒருவர் இன்னொரு தடவை தடவிக்கொண்டிருந்தார்.

கட்டடக் குழுவின் தலைவர் ரஹீம் பாஸ். கொத்தனாரையும் தச்சரையும் இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அதில் அதிகாரம் ஒன்றும் இல்லை. ரஹீம் பாஸ் கிண்ணியாக்காரர். வாய் சும்மா இருக்காது.

“சேர் ஒரு நாளைக்கி நாலு தரம் வாறதால நாலு தரம் நல்லா வேல நடக்குது,” என்றார். “எட்டுத் தரம் வந்தா கட்டடம் இந்த மாசமே முடிஞ்சிரும்.”

களஞ்சியக் கொட்டிலின் நிழலில், நகரத்துக்குள்ளேயே திரியும் மான்கள் மூன்று படுத்துக் கிடந்தன. சோற்றுப் பார்சல் சுற்றிய தாளைத் தின்பதற்கு அவை ஒவ்வொரு நாளும் வரும். ரஹீம் பாஸ் அவற்றைக் காட்டினார்.

“அதுகளுக்கும் சும்மா எண்டு போட்டாச்சா?”

“அதுகள் சம்பளப் பட்டியலில இல்லை பாஸ்.”

“அப்ப அதுகள் பாடு நல்லம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னதை அப்படியே விட மனமில்லை. ஆட்கள் எனக்காக நடிக்கிறார்கள் என்றால் என் எண்ணிக்கைக்குப் பெறுமதி இல்லை. ஆகவே இரண்டாம் வாரம் வழியை மாற்றினேன். காலையில் நேரே இறங்குதுறைக்குப் போய் அங்கிருந்து தொடங்கி, கொட்டிலின் பின்பக்கத்தால் சுற்றி, கட்டடத்துக்குக் கடைசியில் வந்தேன். நேரத்தையும் நாளுக்கு நாள் மாற்றினேன். சுற்றில் இருக்கும்போது யாரும் தொலைபேசியில் கூப்பிட வேண்டாம், எண்ணிக்கை குழம்பும் என்று குழுத் தலைவர்களிடம் சொன்னேன். கெட்டித்தனமான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

இங்கேதான் யோகேஸ்வரி வருகிறார். நாற்பது வயதுக்குக் கிட்ட. தம்பலகாமத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் நீளக்கைச் சட்டை, தலையில் தொப்பி. அங்கே வயல் வேலை போகத்துக்குப் போகம்தான். இடைப்பட்ட மாதங்களில் இந்த வேலையால்தான் அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். தூணுக்குக் கம்பி கட்டியதும், கம்பி பலகையில் முட்டாமல் இருக்க இடையில் சின்னச் சீமெந்துக் கட்டிகளை வைத்துக் கட்டுவது அவருடைய வேலை. அதை நான் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் தச்சர்கள் பலகையை மூடுவார்கள். பிறகு கொங்கிரீட் இறங்கும். கட்டி ஒன்று குறைந்தாலும் பிறகு உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும். அவர் கட்டியதில் எனக்கு ஒருநாளும் குறை தெரிந்ததில்லை.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை நான் கட்டடத்துக்கு வந்தபோது அவர் ஒரு தூணடியில் வெறுங்கையோடு நின்றார். கட்டிகள் இருந்த தகரவாளி காலடியில்.

“என்ன செய்யிறீங்கள் யோகேஸ்வரி?”

“சும்மா நிக்கிறன் சேர்.”

சொல்லும் நிரலும் ஒன்றாகவே இருந்தன. கோடு போட்டேன். பின்னேரமும் அதே தூணடி, அதே கேள்வி, அதே பதில். செவ்வாயும் அப்படியே. முதல் வாரம் முழுவதும் இருபத்துநான்கு தடவை பார்த்ததில் அவருக்குச் ‘சும்மா’ ஆறு. இரண்டாம் வாரம் புதன்கிழமை வரை பன்னிரண்டு தடவை பார்த்ததில் ஒன்பது. வேறு யாருக்கும் அவ்வளவு இல்லை.

நடிப்பு போய் உண்மை வந்துவிட்டது என்று எழுதினேன். புதன் பின்னேரம் பொறியியலாளர் என்னைக் கண்டு, “ஆரெண்டு தெரியுதோ?” என்று கேட்டபோது, நான் யோசிக்காமல், “முதல் பேர் தெரியுது மெடம். யோகேஸ்வரி,” என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். களஞ்சியக்காரர் பக்கத்தில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அதை நான் கவனிக்கவில்லை.

ஆனாலும் ஏன் என்ற கேள்வி எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஆள் ஒரு வாரத்தில் அவ்வளவு மாறுவாரா? என்னென்னவோ யோசித்துப் பார்த்தேன்.

முதலில் கச்சான் காற்றைச் சந்தேகித்தேன். அது ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் அனல்காற்று. வெயிலும் அதுவும் சேர்ந்தால் மனிதர் தளர்வது இயற்கை. டயறியைப் பார்த்தேன். காற்று முதல் வாரத்தில்தான் கூட. இரண்டாம் வாரம் தணிந்திருந்தது. அந்தச் சந்தேகம் அதோடு முடிந்தது.

அடுத்தது பஸ். தம்பலகாமப் பக்கத்தில் காலையில் ஆனை றோட்டுக்கு ஏறினால் பஸ் நிற்கும், ஆள் களைத்துப்போய் வரும். வாயிற் பதிவைப் பார்த்தேன். அந்த வாரம் யோகேஸ்வரி ஒருநாளும் பிந்தவில்லை. ஆனை பார்த்து நின்றதாகப் பதிவானவர் ஒரேயொரு ஆள். அவர் கட்டைபறிச்சானிலிருந்து வேறு வழியாக வருபவர். அவரிடம் அந்த ஆனையைப் பற்றிப் பிறகு தனியாகக் கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாவதாகத் தண்ணீர். குடிக்கத் தண்ணீர் கொட்டிலடியில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமையே இன்னொரு பீப்பாயைக் கட்டடத்தடியில் வைப்பித்தேன். அதனால் நடை குறைந்தது, உண்மை. நிற்பது குறையவில்லை.

வியாழன் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேரின் பெயரையும் சுத்தமான தாளில் பிரதி எழுத உட்கார்ந்தேன். குழுவாரியாகவும் கூட்டிப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று கூட்டினேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நடிப்பு போனதால்தான் ‘சும்மா’ கூடியது என்றால் எல்லாக் குழுவிலும் கூடியிருக்க வேண்டும். இறங்குதுறைக் குழுவில் கூடவில்லை. கொஞ்சம் குறைந்தும் இருந்தது. கூடியது கட்டடத்தில் மட்டும். அங்கேயும் தூண் வேலைக்காரருக்கு மட்டும். பட்டியலில் இருந்த ஐந்து பேரும் தூண் வேலைக்காரர்.

சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிட்டு டயறியை எடுத்து, இரண்டு வாரத்தின் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். முதல் வாரம் காலையில் தூணுக்குக் கொங்கிரீட் தொடங்கிய நேரம் எட்டரை, எட்டு நாற்பது, எட்டரை. இரண்டாம் வாரம் பத்தரை, பதினொன்று, பத்து ஐம்பது. ஏன் பிந்தியது என்று நான் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் எழுதியிருந்தேன், இதற்கு இல்லை. அது எனக்கே விசித்திரமாக இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிய, படிவத்தை மேசையில் வைத்துவிட்டுக் கட்டடத்துக்கு நடந்தேன். மேல்மாடியில் பின்னேரத்துத் தூணுக்குக் கம்பி கட்டி முடிந்திருந்தது. கட்டிகளும் வைத்தாயிற்று. தச்சர்கள் இரண்டு பேர் பலகையின் மேல் குந்தியிருந்தார்கள். மிக்சர் ஓடவில்லை. யோகேஸ்வரி தூணடியில் நின்றார்.

“என்ன யோகேஸ்வரி, சும்மாவோ?”

“ஓம் சேர். சும்மாதான்.”

“என்னத்துக்குச் சும்மா நிக்கிறீங்கள்?”

அவர் ரஹீம் பாஸைப் பார்த்தார். ரஹீம் பாஸ் என் கையைப் பார்த்தார்.

“சேர்ட கொப்பி எங்க?”

“மேசையில வைச்சிட்டு வந்தனான்.”

“அப்ப கதைக்கலாம் யோகம்,” என்று யோகேஸ்வரியிடம் சொன்னார்.

“சேர் கோவிக்கப்படாது,” என்றார் அவர்.

“இல்லை, சொல்லுங்கோ.”

“நாங்கள் உங்களுக்குத்தான் நிக்கிறம்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் தூணைக் காட்டினார்.

“போன கிழமை காலமை வந்தவுடன இஞ்சதான் முதல் வந்தனீங்கள். பாத்தீங்கள், கையெழுத்து வைச்சீங்கள், பலகையை மூடிச்சினம். இந்தக் கிழமை கடலடியில இருந்து சுத்திக்கொண்டு வாறீங்கள். நான் கட்டி வைச்சு முடிய ஏழரை. நீங்கள் வர ஒன்பதரை. பின்னேரமும் அப்பிடித்தான். மற்ற ஆக்களுக்கும் அதுக்குப் பிறகுதான் வேலை.”

“அதுக்கு நீங்கள் ஏன் இதிலேயே நிக்கவேணும்? வேற வேலை பாக்கலாமே.”

“நான் அங்கால போனா ஆரும் அவசரத்தில மூடிப்போடுவினம் சேர். தை மாசம் நீங்கள் பாக்க முதல் மூடினதுக்கு, முழுப் பலகையும் கழட்டச் சொல்லி நிண்டனீங்கள்தானே. அதுக்குப் பிறகு நான் விட்டிட்டுப் போறேல்லை.”

“ஒரு கோல் எடுத்திருக்கலாமே.”

“எடுக்க வேணாமெண்டு சொன்னது ஆரு சேர்?” என்றார் ரஹீம் பாஸ். “ஒரு நாள் எடுத்தும் பாத்தன். உங்கட போன் சத்தம் போடாம வச்சிருந்தீங்க.”

“சரி, நான்தான் ஒவ்வொரு நாளும் வந்து கேட்டனே, என்ன செய்யிறீங்களெண்டு. அப்பவாவது சொல்லியிருக்கலாம்.”

“என்ன செய்யிறனெண்டுதான் கேட்டனீங்கள்,” என்றார் யோகேஸ்வரி. “நான் ஒண்டும் செய்யேல்லைத்தானே. என்னத்துக்கு நிக்கிறனெண்டு கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பனோ தெரியாது. சேர் பிந்தி வாறீங்களெண்டு சேரிட்டையே எப்பிடிச் சொல்லுறது? கதை வந்திடும்.”

ரஹீம் பாஸ் மணலை உதறிக்கொண்டே சொன்னார்: “பட்டியல்ல இவட பேர்தானாம் முதல். கொட்டில்ல நேத்தே கதை.”

நான் யோகேஸ்வரியைப் பார்த்தேன். “அது தெரிஞ்சுமோ இண்டைக்கும் சும்மா எண்டு சொன்னனீங்கள்?”

“கொப்பியில ஏறினதை இனி இறக்கேலுமோ சேர்? அதுக்கு மேல உங்களையும் பிழை சொன்னனெண்டு வந்தா, அடுத்த சைற்றிலயும் எடுக்காயினம்.”

தச்சர்களில் ஒருவர் ஆணிகளை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். நான் தூணைப் பார்த்தேன். கட்டிகள் ஒன்றுகூடத் தவறவில்லை. கையெழுத்து வைத்தேன். அதற்கு இரண்டு நிமிடம் சென்றது. அந்த இரண்டு நிமிடத்துக்காக அவர்கள் அந்த வாரம் காலையும் பின்னேரமுமாக எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதை நீங்களே கூட்டிப் பாருங்கள். நான் அன்றைக்கு அங்கேயே நின்று கூட்டிப் பார்த்தேன். நடந்தால் ஆறு நிமிடத் தூரத்தில், மனிதர் ஏன் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காகக் கையில் படிவத்தோடு நான் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் நின்றது அதனால்தான்.

என்னுடைய தவறு நம்முடைய ஆட்களுக்கே உரியது என்று நினைக்கிறேன். தமிழ் தெரியாத ஒருவர் அந்தச் சொல்லுக்கு அகராதியைப் பார்த்திருப்பார், அல்லது யாரையாவது விளக்கம் கேட்டிருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து புழங்கிய சொல். அழைக்காத வீட்டுக்குப் போய் “சும்மா வந்தனான்” என்போம். பாதிநாள் அங்கே ஏதோ கேட்கத்தான் போயிருப்போம். என் மனைவி “ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டால் நானும் “சும்மா” என்றுதான் சொல்வேன், அவர் அதை ஒருநாளும் நம்பியதில்லை. காரணம் இருக்கிறது, அதைச் சொன்னால் யாருக்காவது நோகும் என்ற இடத்தில்தான் நாம் அந்தச் சொல்லை வைக்கிறோம். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை ஒரு நிரலின் தலைப்பாக எழுதி, கோடு போட்டு, கோட்டைக் கூட்டி, கூட்டியதைக் கொண்டு ஒருவரின் வேலையை எடுக்கப் போனேன்.

ஆனாலும் ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பொறியியலாளரிடம் போக முடியாது. வெள்ளிக்கிழமை காலை சோதித்துப் பார்த்தேன். ஏழு மணிக்கு நேரே கட்டடத்துக்குப் போய், கட்டிகள் வைத்து முடியும்வரை கூட நின்று, அங்கேயே கையெழுத்து வைத்தேன். பிறகுதான் சுற்றுக்குப் போனேன். தொலைபேசியைச் சத்தத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் ரஹீம் பாஸின் ஆட்கள் மதியத் தொழுகைக்குப் போவார்கள். கொங்கிரீட்டைப் பாதியில் விட முடியாது. ஆகவே பதினொன்றுக்குப் பிறகு தூண் தொடங்குவதில்லை. முந்தின வாரங்களிலும் காலையில் ஏதாவது சுணங்கினால் அந்தத் தூண் சனிக்கிழமைக்குப் போய்விடும். அன்று எட்டு இருபதுக்கு மிக்சர் ஓடத் தொடங்கியது. பத்து மணிக்கு முதல் தூண் முடிந்து, பதினொன்றரைக்கு இரண்டாவதும் முடிந்தது. தூண் வேலைக்காரர் ஏழு பேர். இரண்டு சுற்றில் ஏழு பேரையும் பார்த்ததில் மூன்றாவது நிரலில் ஒரேயொரு கோடு. அதுவும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்.

கைகால் கழுவிவிட்டுப் போகும்போது ரஹீம் பாஸ் என்னைக் கடந்து போனார்.

“கொப்பியில என்ன சேர் விழுந்திருக்கு?”

“ஒண்டுமில்லை பாஸ்.”

“எழுதிக்கங்க. இண்டைக்கி சும்மா இல்ல, ஜும்மாதான்.”

பின்னால் வந்தவர்கள் சிரித்த சிரிப்பு இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும்.

மேசைக்கு வந்தபோது நாலு மணிக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி உங்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். யோகேஸ்வரியின் பெயரை எடுப்பதற்கு எனக்கு நல்ல வழி ஒன்று தெரிந்திருந்தது. ‘அவதானிப்புக் காலம் போதாது, இன்னும் இரண்டு வாரம் தேவை’ என்று ஒரு வரி எழுதினால் போதும். யாருக்கும் பிழை வராது. இரண்டு வாரத்தில் நான் ஓசைப்படாமல் வழியைத் திருத்திவிடுவேன், எண்ணிக்கையும் சரியாகிவிடும். அந்த வரியை எழுதியும் விட்டேன். கையெழுத்தும் அழகாக இருந்தது. பிறகு அதை வாசித்துப் பார்த்தபோது, நானும் என்னுடைய மொழியில் ‘சும்மா’ என்றுதான் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது. தாளைக் கிழித்தேன். ஒன்றை மறந்துவிடக்கூடாது: குறைக்க வேண்டிய ஐந்து பேரும் கூலிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து யாரும் சொல்லவில்லை.

பொறியியலாளர் இரண்டு படிவத்தையும் டயறியையும் நேரம் எடுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தினேன். கடைசித் தாளில் ஐந்து பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. அது என்னுடையது.

“இதென்ன, உங்களைக் குறைக்கச் சொல்லுறீங்களோ?”

“என்னை இல்லை மெடம். என்ர சுத்தைக் குறைக்கச் சொல்லுறன்.”

அவர் சிரிக்கவில்லை. புதன்கிழமை நான் சொன்ன பெயரைத் தன் குறிப்பேட்டில் தேடி எடுத்து அதை அடித்தார். பிறகு என் படிவத்தில் மூன்றாவது நிரலின் தலைப்பையும் அடித்தார்.

“இந்தப் பேருக்குப் பதிலா என்ன எழுதுவீங்கள்?”

“காத்திருத்தல்.”

“காணாது. எதுக்குக் காத்திருக்கினம் எண்டு எழுதுறதுக்கும் ஒரு நிரல் போடுங்கோ. ஆருக்காக எண்டும் ஒண்டு.” பேனையைத் திருப்பித் தந்தார். “அந்தக் கடைசி நிரலில என்ர பேரும் வரும். வந்தா மறைக்காதீங்கோ.”

வந்தது. அடுத்த வாரமே வந்தது: அவர் தர வேண்டிய வரைபடம் ஒன்றுக்காகக் கம்பி கட்டுபவர்கள் அரைநாள் நின்றார்கள். களஞ்சியக்காரர் பெயரும் வந்தது, மணல் லொறிக்காரர் பெயரும் வந்தது. கொழும்புக்குப் பொறியியலாளர் அனுப்பியது ஐந்து பெயரை அல்ல, இந்தப் புதிய படிவத்தை. அவர்கள் ஒரு மாதம் பொறுப்பதாகச் சொன்னார்கள். மேல்மாடிக் கூரைக்குச் சொன்ன திகதியில் கொங்கிரீட் போட்டுவிட வேண்டும் என்றார்கள். சொன்ன திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிட்டோம். யாருக்கும் வேலை போகவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அந்த மாதம் முழுவதும் காலை ஏழு மணிக்கு நான் தூணடியில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு நாளும் நின்றேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசித் தூணின் பலகை கழற்றிய அன்று, அதில் ஒரு பலகையின் வெளிப்பக்க ஓரத்தில் சோக்கால் கீறிய சின்னச் சின்னக் கோடுகளைக் கண்டேன். நிமிர்ந்த கோடுகள், ஒரே அளவு, ஒரே இடைவெளி. தச்சர்கள் அளவுக்கு அப்படிக் கீறுவதில்லை. அந்தப் பலகையைத்தான் அவர்கள் ஒவ்வொரு தூணுக்கும் மாற்றி மாற்றிப் பாவித்தார்கள். அது எப்போதும் யோகேஸ்வரி நிற்கும் பக்கம்.

அவர் தகரவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இதென்ன யோகேஸ்வரி?”

நிமிர்ந்து பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார்.

“அதோ? அது சும்மா கீறினது சேர்.”

நான் அலுவலகத்துக்குப் போய் டயறியை எடுத்து, அந்த மாதத்தில் ஏழு மணிக்குப் பிறகு தூணடிக்குப் போன நாட்களை எண்ணினேன். நான்கு. திரும்பி வந்து பலகையைப் பார்த்தேன். கோடுகளும் நான்கு.